மணப்பறை எங்கே?

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டில் திருமணம் உறுதியாகிவிட்டதென்றால், முதலில் கூடம் பார்க்கப்படுகிறது. அடுத்துச் சமையற்காரர், அடுத்து ஒளிப்படக்காரர், அவரோடு தலைக்குமேல் பறந்து படம் பிடிக்கும் பொறி. பந்தற்காரருக்கும் விளக்குத் தோரணக்காரருக்கும் முன்பணம் போய்ச் சேர்கிறது. அழைப்பிதழ் அச்சேறிவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு, எஞ்சிய பணத்தையும் எஞ்சிய பொழுதையும் வைத்துக்கொண்டு இசைக்கு ஆள் தேடுகிறார்கள். தேடும்போது கேட்கப்படும் கேள்வி ஒன்றே: எது உரக்க ஒலிக்கும்? எது இனிக்கும் என்று கேட்பாரில்லை. எது தமிழருடையது என்று கேட்பார் அதனினும் இல்லை.

தாய்மாமனும் மருமகனும் பேசிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது:

“மேளத்துக்கு யாரைச் சொல்லியிருக்க, மாப்ள?”

“செண்டை மேளம் மாமா. மேல இருந்து வாராங்க. ராத்திரிக்கு டி.சே.”

“நம்மூருக் கொட்டு வேணாமாப்பா?”

“அது எழவுக்குல்ல மாமா வரும்.”

மருமகன் தீயவனல்லன். ஊரில் கேட்டு வளர்ந்ததைத் திருப்பிச் சொன்னான், அவ்வளவே. அவன் சொன்னது பொய் என்பதும், பொய்யென்று காட்டும் சான்று தமிழ்நூல்களிலேயே ஈராயிரம் ஆண்டாகக் கிடக்கிறது என்பதும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார்? தமிழ் தமிழென்று மேடையில் முழங்குவோர். அவர்களும் சொல்லவில்லை, சொன்ன சிலரும் தம் வீட்டுத் திருமணத்தில் செய்து காட்டவில்லை. ஆகவே வழக்கு அந்த இளைஞன்மேல் அன்று, அவர்கள்மேல்.

போடி ஏலத்தை ஏலமிடும் ஊர். (முன்னது மலையில் விளைவது, பின்னது போர்த்துக்கீசியன் கரையிறக்கிவிட்டுப் போன சொல். ஒலியால் ஒன்றாயினும் இரண்டும் வேறு.) ஆடி ஆவணியில் தொடங்கும் காயெடுப்பு தை வரையில் நீள்கிறது. தையில் கையில் காசு, தையில் திருமணம். 2019இல் புற்றடி ஏலத்தில் ஏலக்காயின் உச்சவிலை ஒரு கிலோவுக்கு 7000 உருபாவைத் தொட்டது. அத்தகைய ஆண்டுகளில் திருமணக் கூடத்து வாயிலில் அடுக்கப்படும் ஒலிப்பெட்டிகளின் உயரமும் விலையோடு சேர்ந்து ஏறுகிறது. விலை இறங்கும் ஆண்டுகளிலோ, கடன் வாங்கியேனும் அதே உயரம் காக்கப்படுகிறது. விடியுமுன்பே ஊர்திகளில் நெருக்கியடித்துக்கொண்டு, போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் எடுக்கப் போகிறார்கள் போடியைச் சூழ்ந்த சிற்றூர்ப் பெண்கள். முதுகு ஒடிய அவர்கள் ஈட்டும் கூலிதான் மகளின் திருமண இரவில் இரண்டு மணிநேர இடியோசைக்கு அளக்கப்படுகிறது. ஊதாரித்தனத்தைச் செல்வர் செய்தால் வேடிக்கை. உழைப்பாளியைச் செய்யவைத்தால் அது கொள்ளை.

மேலிருந்து செண்டை இறங்கிவருகிறது. அந்த ‘மேல்’ எது? பச்சை மலை முழுவதும் தமிழர் கைபட்டு விளைந்த தோட்டங்கள். தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேரவேண்டுமென்று அங்குள்ள தமிழர் போராடினர். 1956 நவம்பர் 1ஆம் நாள் அவை கேரளத்தோடே நிறுத்தப்பட்டன. மண் போயிற்று, பாட்டு போகவில்லை. 1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தபோது, பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டந்தோட்டமாகப் பாடிச் சென்றவர், போடிக்குத் தெற்கே பண்ணைப்புரத்துக்காரரான பாவலர் வரதராசன். அவர் பாடியது தெம்மாங்கும் நாட்டுப்புற மெட்டும். தோட்டத் தொழிலாளி தன் வாயால் திருப்பிப் பாடக்கூடியவை. அந்த வேட்பாளர் வென்றார். ஒரு கட்சியின் வெற்றி தோல்வி இங்குப் பொருட்டன்று. மலையேறிப் போன தமிழ்ப் பாட்டுக்கு ஒரு தேர்தலைத் தன் பக்கம் இழுக்கும் ஆற்றல் இருந்தது என்பதே பொருட்டு. அன்று பாட்டு மேலே ஏறிற்று. இன்று காசு மேலே ஏற, கொட்டு கீழே இறங்குகிறது.

செண்டையின்மேல் பகை கொள்வதற்கு ஒன்றுமில்லை. அது அருமையான கருவி. பலாமரத்தில் குடைந்த உடலும், இழுத்துக் கட்டிய தோலும், மணிக்கட்டின் ஆற்றலும் சேர்ந்து எழுப்பும் முழக்கம் கோயில் முற்றத்தில் கேட்டார்க்கு மறவாது. அங்கே பஞ்சாரி என்றும் பாண்டி என்றும் மேளங்களுக்கு முறை வகுத்து, மணிக்கணக்கில் படிப்படியாகக் காலம் ஏற்றிக் கொட்டுகிறார்கள். பாண்டி என்று மலையாளி அழைப்பது தமிழனை; அவன் மேளத்தில் பாண்டி என்ற பெயர் இன்றும் நிற்கிறது. தமிழன் மேளத்தில் தமிழன் பெயரே நிற்கவில்லை. வள்ளத்தோள் 1930இல் கலாமண்டலத்தைத் தொடங்கி வைத்தார். தம் ஆட்டத்தையும் கொட்டையும் தம் பிள்ளைகளுக்கு முறையாகக் கற்பிக்க மலையாளிகள் ஓர் இடம் கண்டார்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை வரைந்த அடியார்க்கு நல்லார் தமிழரின் தோற்கருவிகளை ஒரு நீண்ட பட்டியலாகத் தருகிறார். அப் பட்டியலில் இடக்கை இருக்கிறது, திமிலை இருக்கிறது. இவ்விரண்டையும் இன்று சிறப்பாகக் கேட்க வேண்டுமானால் மலை தாண்டிப் போய்க் கேரளக் கோயில்களின் பஞ்சவாத்தியத்தில் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் திருடவில்லை, காத்தார்கள். தமிழர் தொலைத்தார்கள். தொலைத்தவன் காத்தவனைப் பழிப்பது அழகன்று.

ஆனால், போடித் திருமண ஊர்வலத்துக்கு வருவது அந்தக் கோயில் மேளமன்று. சிங்காரி மேளம் என்ற பெயரில், பளபளக்கும் உடுப்போடு, ஆடிக்கொண்டே அடிக்கும் கடைவீதி மேளம். வாடகைக்குப் பூக்காவடியும் வரும். வேண்டுமென்றால் தெய்யம் வேடமும் வரும். தெய்யம் என்பது மலையாளிக்குத் தெய்வம் ஏறிய திருக்கோலம். அதைப் போடிக் கடைத்தெருவில், மணமகனின் மகிழுந்துக்கு முன்னே, செல்பேசிப் படத்துக்காக ஆடவிடுவதில் தமிழனுக்கும் பெருமையில்லை, மலையாளிக்கும் பெருமையில்லை. இரண்டு இனத்தின் கலையும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் மலிவாகிப் போகிறது.

இனி, மருமகன் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம். பறை இழவுக்கு உரியதா?

பறை என்ற சொல்லுக்கே சொல்லுதல் என்பது பொருள். பறைதல் என்ற வினை தமிழில் இருந்தது. நாஞ்சில் நாட்டில் இன்றும் பேச்சில் இருக்கிறது. மலையாளிக்கு அது அன்றாடச் சொல். போடிமெட்டைத் தாண்டிக் கூலிக்குப் போகும் எந்தப் பெண்ணும் மேற்பார்வையாளன் வாயில் நாளுக்கு நூறுமுறை அச் சொல்லைக் கேட்கிறாள். அங்கே அது பேச்சு; கீழே இறங்கினால் தீட்டு. ஒரே மலையின் இரண்டு சரிவில் ஒரே சொல்லுக்கு இந்த இரண்டு வாழ்வு. செய்தியைச் சொல்லும் கருவி ஆதலின் பறை எனப்பட்டது. போர்ச்செய்தி, வெள்ளச்செய்தி, அறுவடைச்செய்தி, மணச்செய்தி, இறப்புச்செய்தி எல்லாம் அதன் வேலை. ஊர்க்காரன் இறப்பை மட்டும் அதற்கு விட்டுவைத்துவிட்டு மற்றவற்றைப் பிடுங்கிக்கொண்டான்.

தொல்காப்பியர் நிலந்தோறும் அமையும் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். பறையில்லாத நிலம் தமிழில் இல்லை. குறிஞ்சிக்குரிய பறை தொண்டகம். திருமுருகாற்றுப்படையில் மலைவாழ் கானவர் தொண்டகச் சிறுபறையின் ஒலிக்கேற்பக் குரவை ஆடுகின்றனர். குரங்கணியும் கொட்டகுடியும் போடிமெட்டும் குறிஞ்சி நிலமல்லாமல் வேறென்ன? முருகனுக்கு உகந்த பறை, முருகன் மலையடிவாரத்து மணவீட்டுக்கு ஆகாதாம்!

திருமணத்துக்கே நேரான சான்று அகநானூற்றில் இருக்கிறது. 136ஆம் பாட்டில், விற்றூற்று மூதெயினனார், தலைவன் தன் மணநாளை நினைத்துப் பார்ப்பதாகப் பாடுகிறார். ஊனும் நெய்யும் சேர்ந்த வெண்சோற்றால் உறவினரைப் பேணுகிறார்கள், திங்களும் உரோகிணியும் கூடிய நன்னாள், வீட்டை அணிசெய்கிறார்கள், கடவுளைப் போற்றுகிறார்கள், மணமுழவோடு பருத்த பணையும் முழங்குகிறது, பெண்ணை நீராட்டுகிறார்கள். எரி வளர்க்கும் பார்ப்பான் அப் பாட்டில் இல்லை. முழவு இருக்கிறது, பணை இருக்கிறது. கோவலன் திருமணத்தில் எரியும் முதுபார்ப்பானும் வந்துவிட்டனர். அப்போதும் முரசும் முருடும் அதிர்ந்த பின்னரே எல்லாம் நடக்கின்றன. தோற்கருவி முழங்காத திருமணத்தைத் தமிழ் அறியவில்லை.

புறநானூற்று 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரே ஊரின் இரண்டு வீடுகளைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் நெய்தற்பறை, இறப்புக்கு. மற்றொரு வீட்டில் முழவு, மணத்துக்கு. நாலடியார் இன்னும் ஒருபடி மேலே போகிறது. நிலையாமையைச் சொல்ல வந்த அந்நூல், மன்றத்தில் மணத்துக்கென்று ஒலித்த பறையே அன்றே அம்மனைக்குப் பிணத்துக்கும் ஒலிக்க நேரும் என்கிறது. மணப்பறை என்ற சொல் அங்கேயே இருக்கிறது. மணவீட்டில் பறை ஒலிப்பது அன்றைய வழக்கமாக இல்லாதிருந்தால் அந்த உவமையே எழுந்திராது. பள்ளியில் நாலடியாரை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் வளர்ந்து, பறை இழவுக்குரியது என்கிறான்.

இன்றைய பறையிசைஞர்களிடம் கேட்டாலே போதும், நூல்கூட வேண்டியதில்லை. வேப்பமரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயில் காட்டி முறுக்கேற்றி, சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியுமாக அவர்கள் எழுப்பும் அடிகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. வாழ்த்தடி உண்டு, சப்பரத்து அடி உண்டு, ஒத்தையடி உண்டு, மாரடி உண்டு. இறப்புக்கு ஓர் அடி, வாழ்த்துக்கு ஓர் அடி. அடியில்தான் வேறுபாடு, கருவியில் இல்லை. முகாரியும் வாசிக்கப்படுகிறது என்பதற்காக எவனாவது நாயனத்தை மணவீட்டிலிருந்து விரட்டினானா?

கருவியை எவனும் விரட்டவில்லை. கருவியைப் பிடித்த கையை விரட்டினார்கள். உண்மை இதுதான், மற்றவை சாக்கு. தோல் தீட்டு என்றால் தவிலிலும் தோல், மத்தளத்திலும் தோல், காசு கொடுத்து மலையிலிருந்து இறக்கும் செண்டையிலும் தோல். செண்டை அடிப்பவன் எந்தச் சாதி என்று போடியில் எவனும் கேட்பதில்லை. அவன் அயலூரான், கேட்டுப் பயனில்லை. தெருக்கோடியில் இருக்கும் பறையிசைஞன் எந்தச் சாதி என்று கேட்கவே வேண்டியதில்லை, ஊருக்குத் தெரியும். அயலானின் தோல் மங்கலமாவதும் ஊரானின் தோல் தீட்டாவதும் இந்த ஒரு கரணியத்தால்தான். இதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளாமல், ‘ஒலி போதாது’, ‘இளைஞர்க்குப் பிடிக்காது’ என்றெல்லாம் சுற்றி வளைப்பது தன்னைத்தானே ஏய்த்துக்கொள்வது.

தனித்தமிழன்பர் வீடுகளில் நடப்பது இன்னும் வேடிக்கை. அழைப்பிதழில் ஓர் அயற்சொல் இராது. மணமக்கள் பெயர்களை மாற்றியிருப்பார்கள். வடமொழி மந்திரத்தை விலக்கியிருப்பார்கள், நல்லது. சடங்கும் பார்ப்பனரும் இல்லாத தன்மதிப்புத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு கிடைத்துவிட்டது, அதைப் பயன்படுத்தித் திருக்குறள் ஓதி மாலை மாற்றுகிறார்கள், மிக நல்லது. அந்த மேடைக்குக் கீழே பறை எங்கே என்று தேடினால் இல்லை. கேட்டால், “பெண்வீட்டார் ஒப்பவில்லை” என்பர். வடமொழியை விலக்கப் பெண்வீட்டாரோடு மூன்று மாதம் வாதாடியவர், பறையைச் சேர்க்க மூன்று நிமயம் வாதாடவில்லை. சொல்லில் அயன்மையை நீக்குவது எளிது. அதற்கு அகரமுதலி போதும். நெஞ்சிலிருந்து சாதியை நீக்க அகரமுதலி உதவாது.

பறையிசைஞர் பக்கத்திலும் ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. ஊரார் கட்டளைக்கு இழவுவீட்டில் கொட்டுவதை அடிமைவேலையாகக் கண்டு, பறையைக் கீழே வைத்துவிட்டவர்கள் பலர். தம் பிள்ளைகள் அதைத் தொடவே கூடாதென்று படிக்க அனுப்பியவர்கள் பலர். அவர்கள் செய்தது முற்றும் சரி. கூலியாகப் பழஞ்சோறும், இடமாகத் தெருக்கோடியும், மதிப்பாக ‘டேய்’ என்ற விளிப்பும் கொடுத்துவிட்டு, “தமிழன் இசையைக் காப்பாற்று” என்று அவர்களிடம் போய்க் கேட்பவன் நாணமற்றவன். அதே தலைமுறைகளில் பறையை மானத்தின் கருவியாகத் திருப்பிப் பிடித்தவர்களும் எழுந்தார்கள். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த கே.ஏ.குணசேகரன் ஒடுக்கப்பட்டோர் பாட்டையும் கொட்டையும் மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுசென்றார். மதுரைப் பக்கத்துப் பறையிசை ஆசான் வேலுவுக்கு 2025இல் இந்திய அரசு தாமரைத்திரு விருது வழங்கிற்று. கடல் கடந்து அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் சாதி பாராமல் பறை பயில்கிறார்கள். தில்லிக்குத் தெரிந்த மதிப்பு, அமெரிக்கத் தமிழனுக்குத் தெரிந்த மதிப்பு, போடியின் திருமணக் கூடத்துக்குத் தெரியவில்லை.

நாயனமும் தவிலும் பறையளவு விரட்டப்படவில்லை. அவை வேறு வகையில் சிறுமைப்படுகின்றன. குடந்தையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சாமரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காவிரிக்கரை நாணலைப் பதப்படுத்திச் சீவாளி வெட்டுகிறார்கள். தவிலின் ஒரு பக்கம் கழி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்; அந்த விரல் பழகப் பத்தாண்டு பிடிக்கும். அப்படிப் பழகி வந்த கலைஞரைத் திருமணக் கூடத்தில் எங்கே உட்கார்த்துகிறார்கள்? மேடைக்குப் பக்கத்தில், குளிர்காற்றுப் பொறிக்கும் ஒலிப்பெட்டிக்கும் இடையில். அவர் ஒரு பண்ணை எடுத்து விரிக்கத் தொடங்கும்போதே, ஒரு சிறுவன் வந்து திரைப்பாட்டுச் சீட்டொன்றை நீட்டுகிறான். கெட்டிமேளம் என்று கைகாட்டும்போது மட்டும் அவர் வேண்டும். அந்த அரை நிமயத்துக்கு அப்பால் அவர் இருப்பதே ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தக் கலைஞர்கள் மதிப்புக்காகப் போராடியதும் ஒரு வரலாறு. தன்மான இயக்கக் காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், ஊர்வலத்தில் நாயனம் வாசித்துவந்த மதுரைச் சிவக்கொழுந்தின் தோள்துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டாமென்று பட்டுக்கோட்டை அழகிரி துணைநின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956) தலைநிமிர்ந்து வாழ்ந்து காட்டிய பிறகு, நாயனக்காரரைத் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லும் துணிவு குறைந்தது. துண்டுக்கு அன்று நடந்த போராட்டம் பறைக்கு இன்னும் எல்லா ஊரிலும் நடந்து முடியவில்லை.

நாயனத்தில் வாசிக்கப்படுவது எது என்பதும் கேட்கத்தக்கது. சீதை திருமணத்தைப் பாடும் தியாகராசரின் தெலுங்குப் பாட்டு இன்றித் தாலி ஏறாது என்ற நம்பிக்கை நகரத்திலிருந்து போடிவரை பரவியிருக்கிறது. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தியாகராசருக்கு முன்பே தமிழில் பாடிவைத்தவர்கள். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிறுவினார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்குக் குரல் எழுந்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. இத்தனை நடந்தும் தவில்காரரிடம் தமிழ்ப் பாட்டு கேட்க வீட்டுக்காரருக்கு வாய் வருவதில்லை. கேட்டால் அவர் மகிழ்ந்து வாசிப்பார்; அவருக்குத் தெரியும்; கேட்பவர் இல்லை.

திரைப்பாட்டு முழுவதும் ஆகாது என்று சொல்வது எளிது, சரியன்று. 1976இல் அன்னக்கிளி வந்தபோது திரையரங்குகளில் ஒலித்தது இந்த மலையடிவாரத்து நாட்டுப்புற மெட்டு. பாவலர் வரதராசனின் தம்பி இளையராசா தம் பண்ணைப்புரத்துச் செவியோடு சென்னைக்குப் போனார்; 2025 மார்ச்சில் இலண்டனில் தம் முழுச் சிம்பொனியை அரங்கேற்றினார். இம்மண்ணின் ஓசை இலண்டன் வரை போய் உட்கார்ந்து கேட்கப்பட்டது. இம்மண்ணில் நடக்கும் திருமணத்திலோ, அவர் பாட்டையே எடுத்து, இடையிடையே இடிமுழக்கம் சேர்த்து, குரலை நெரித்து, அகலமான பெட்டிவழியே மார்பில் குத்தும்படி விடுகிறார்கள். அது பாட்டன்று, பாட்டின் பிணத்தை வைத்துக் கொட்டும் பிணப்பறை. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்ற வரம்பும் உண்டு. மலைச்சரிவு எதிரொலிக்கும், ஓர் ஊரில் வைத்த ஒலி அடுத்த சரிவுக்கும் போகும். கைக்குழந்தை அலறும், மூத்தோர் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு முந்துவர். பெண்கள் கூடிநின்று எழுப்பும் குலவை, மணமக்களை வாழ்த்தும் அந்த ஒலிகூட, பெட்டியின் முன்னால் ஒரு வாயசைவாய்ப் போய்விட்டது. தாய் மகளுக்குக் குலவையிடுகிறாள். மகளுக்கே அது கேட்கவில்லை.

இளைஞர்க்கு ஆட்டம் வேண்டும் என்கிறார்கள். வேண்டும், யார் மறுத்தார்? பறையடவைப் பார்த்தவன் காலைக் கட்டிவைத்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கட்டும். தேனிப் பக்கத்து நையாண்டி மேளத்தில் நாயனமும் தவிலும் பம்பையும் சேர்ந்து துள்ளும்போது ஆடாத திருமணக் கூட்டம் உண்டா? ஆட்டத்துக்குப் பஞ்சமில்லாத இனத்துக்கு ஆட்டத்தை வாடகைக்கு எடுப்பது எதற்கு? செலவு மிகும் என்பர். தொலைவிலிருந்து வரும் பெருங்குழுவின் வண்டிச் செலவும் சோற்றுச் செலவும் தங்கற் செலவும் எண்ணிப் பார்த்தால், ஓர் ஊர்ப் பறைக்குழுவையும் ஒரு நல்ல நாயனத் தவில் இணையையும் அழைத்து, அவர்கள் கேட்பதற்கு மேலேயே கொடுக்கலாம். கொடுக்கும் காசு மலை தாண்டாமல் ஊரிலேயே சுற்றும்.

செய்ய வேண்டியதைச் செய்பவர் இப்படிச் செய்யலாம். கூடத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே பறைக்குழுவுக்கும் நாயனக் குழுவுக்கும் முன்பணம். அழைப்பிதழில், வாழ்த்துரைக்க வரும் அரசியலாரின் பெயர்களுக்கு மேலே, இசைஞர்களின் பெயரும் ஊரும். தாய்மாமன் சீர் வரும்போதும் பெண்ணழைப்பிலும் வாழ்த்தடி. தாலி கட்டும் நேரத்தில் நாயனமும் தவிலும், கருவி தானே ஒலிக்கும் அளவில். ஒலிபெருக்கியை அந்நேரம் முற்றும் அணைத்துவிட்டால் குலவை கேட்கும். மாலையில் ஆட்டத்துக்குப் பறையடவும் நையாண்டி மேளமும், பத்து மணிக்குள். பந்தியில் மணமக்களின் உறவினர் உட்காரும் அதே வரிசையில், அதே நேரத்தில், பறையிசைஞர்க்கும் இலை. இதில் கடைசிக்கு மட்டும்தான் எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பு எந்த உறவினரிடமிருந்து வருகிறது என்பதை அன்றே அறிந்துகொள்ளலாம். தைத் திருமணங்களுக்கு ஐப்பசியிலேயே முன்பணம் கைமாறத் தொடங்கிவிடும். செண்டைக் குழுக்களின் முகவர்கள் அப்போதே ஊருக்குள் வந்துவிடுவார்கள்.